கல்லை எடுத்து மணல் போடுவது

கோரிடோரஸ் மீன் இரை தேடுவதைத் தொட்டி பக்கத்தில் உட்கார்ந்து ஒரு முறை பாருங்கள். மூக்கைக் கண் வரைக்கும் மணலுக்குள் புதைக்கும். வாய் நிறைய மணலை அள்ளி, அதிலிருக்கும் புழுவையும் இரைத் துகளையும் வாய்க்குள்ளேயே பிரித்து எடுத்துக்கொண்டு, மிச்ச மணலைச் செவுள் வழியாக வெளியே விடும். பிறகு ஒரு விரல்கடை தள்ளிப் போய் மறுபடியும் ஆரம்பிக்கும். தென் அமெரிக்க ஆற்றுப் படுகைகளில் பிழைக்கப் பழகிய மீன் அது. நாள் முழுக்க அதற்கு இதுதான் வேலை.

அதே மீனைக் கலர் கல் பரப்பிய தொட்டியில் விட்டால் இந்த வேலையை அது செய்யவே முடியாது. இரை கல் இடுக்கில் விழுந்து மீனுக்கு எட்டாத இடத்தில் அழுகும். கூர்முனைக் கல்லில் மீசை உரசும். இடுக்கில் தங்கிய அழுக்கு அந்தக் காயத்தில் பட்டுப் புண்ணாகி, மீசை கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துபோகும். மீசையே இல்லாத கோரிடோரஸைச் சில கடைகளில் பார்த்திருப்பீர்கள். அது பிறவிக் குறை இல்லை, பெரும்பாலும் தரையின் கோளாறு.

கோரிடோரஸ் மட்டும் இல்லை. குல்லி லோச், ஆரல் இரண்டும் உடம்பையே மணலுக்குள் புதைத்துக்கொள்ளும் மீன்கள். மதுரைப் பக்கம் குழம்புக்கு வாங்கும் அயிரையைத் தொட்டியில் வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். ஏதாவது அசைந்தால் நொடியில் மணலுக்குள் போய்விடும் மீன் அது. கோல்ட் ஃபிஷும் தரையை வாயால் கிளறிக்கொண்டே இருக்கும். நடுத்தரக் கல் அதன் தொண்டையில் சிக்கிக்கொள்வது அடிக்கடி நடப்பது. இவற்றை வளர்ப்பவர்கள் மணலுக்கு மாறியே ஆகவேண்டும் என்பது என் முடிவு. கப்பி, மோலி, பிளாட்டி, டெட்ரா மட்டும் இருக்கும் தொட்டிக்கு இது கட்டாயம் இல்லை. மேல்மட்டத்திலும் நடுமட்டத்திலும் நீந்தும் மீன்களுக்குத் தரையில் என்ன கிடக்கிறது என்பது பெரிய விஷயமில்லை. அழகுக்காக மட்டும் மாற்றப்போகிறீர்கள் என்றால், இந்த அத்தியாயத்தை முழுக்கப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

மணலைக் கொட்டுவது ஒரு மணி நேர வேலை. ஆபத்து எல்லாம் கல்லை எடுப்பதில்தான் இருக்கிறது.

மீன் கழிவும் மிச்ச இரையும் அழுகும்போது அம்மோனியா உண்டாகிறது. ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். முதல் இரண்டும் மீனைக் கொல்லும். மூன்றாவதை வாராவாரம் தண்ணீர் மாற்றிச் சமாளிக்கலாம். இந்த பாக்டீரியா தண்ணீரில் மிதந்து திரிவது மிகவும் குறைவு. பில்டர் பஞ்சிலும் கல்லிலும் மரக்கட்டையிலும் கண்ணாடியிலும் ஒட்டிக்கொண்டு வாழும். ஒரு வருடம் ஓடிய தொட்டியில் கல்லை வாரி வெளியே கொட்டினால், தொட்டியின் சுத்திகரிப்பு ஆட்களில் ஒரு பங்கையும் சேர்த்துக் கொட்டுகிறீர்கள். மணல் மாற்றிய நாலைந்து நாளில் மீன் சாகும்போது பலர் மணலைக் குறை சொல்வார்கள். மணலுக்கும் அந்தச் சாவுக்கும் பெரும்பாலும் சம்பந்தமே இருக்காது.

அதனால் முதலில் பார்க்க வேண்டியது உங்கள் பில்டரை. நம் ஊரில் பழைய தொட்டிகள் பலவற்றில் அண்டர் கிராவல் பில்டர் இருக்கும். அடியில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் தட்டு, மூலையில் நிற்கும் குழாய், அதற்குள் ஏர் ஸ்டோன். குமிழி மேலே ஏற ஏற, தண்ணீர் கல் வழியாகக் கீழே இழுபடும். இந்த அமைப்பில் தட்டு வெறும் தாங்கிதான், கல்தான் பில்டர். கல்லை எடுத்தால் மொத்த பில்டரும் போய்விடும். தட்டை அப்படியே விட்டு மேலே மணலைப் போடலாமா என்று கேட்பார்கள். போடக் கூடாது. மணல் ஓட்டை வழியாகக் கீழே இறங்கும், மிச்சம் ஓட்டையை அடைக்கும், அடியில் தண்ணீர் தேங்கி நாறும்.

இப்படிப்பட்ட தொட்டி உங்களுடையது என்றால், கல்லைத் தொடுவதற்குக் குறைந்தது 6 வாரம் முன்பே வேறு பில்டரைப் போட்டுப் பழைய பில்டரோடு சேர்த்து ஓட விடுங்கள். 3 அடி தொட்டிக்குப் பெரிய ஸ்பாஞ்ச் பில்டர் இரண்டு போதும். அல்லது பின் கண்ணாடியில் தொங்கவிடும் பில்டர் ஒன்று. அந்த 6 வாரத்தில் பாக்டீரியா புதுப் பஞ்சில் குடியேறும். ஒரே வாரம் போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஏற்கெனவே ஸ்பாஞ்ச் பில்டரோ கேனிஸ்டரோ நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் தொட்டிக்கு இந்தக் காத்திருப்பு வேண்டாம். ஆனால் மணல் போடும் நாளுக்கு 2 வாரம் முன்பிருந்து அந்த பில்டரைக் கழுவாமல் விட்டுவிடுங்கள். போட்ட பிறகும் 3 வாரம் கை வைக்காதீர்கள். தண்ணீர் ஓட்டம் ரொம்பவும் குறைந்துவிட்டால் மட்டும், தொட்டித் தண்ணீரையே ஒரு வாளியில் எடுத்து அதில் பஞ்சை லேசாகப் பிழிந்து போடுங்கள். குழாயடியில் வைத்துக் கழுவினால் குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும்.

இனி மணல். கட்டட வேலைக்கு வரும் எம்-சாண்ட் வேண்டவே வேண்டாம். பாறையை உடைத்துச் செய்வது அது. ஒவ்வொரு துகளுக்கும் முனை இருக்கும், கல் தூளும் ஏராளம். மீசையைக் காப்பாற்றத்தான் மணலுக்கு மாறுகிறோம், அங்கே போய் எம்-சாண்டைப் போட்டால் மாறியதற்கே அர்த்தமில்லை. ஆற்று மணல் உருண்டு தேய்ந்த மணல், மீனுக்கு மிக நல்லது. ஆனால் ஆற்றில் போய் அனுமதியில்லாமல் அள்ளுவது குற்றம், ஆற்றுக்கும் கேடு. வீடு கட்டியபோது மிஞ்சிய பழைய ஆற்று மணல் மூலையில் கிடந்தால், சிமென்ட் கலக்காததுதானா என்று பார்த்துவிட்டுச் சலித்து எடுத்துக்கொள்ளலாம்.

கடற்கரை மணலில் சிப்பித் தூள் இருக்கும். சிப்பி என்றால் சுண்ணாம்பு. அது மெல்லக் கரைந்து தண்ணீரின் கடினத்தன்மையையும் பிஎச்சையும் ஏற்றும். ஆப்பிரிக்காவின் மலாவி, டாங்கனிக்கா ஏரி சிக்லிட் வளர்ப்பவர்களுக்கு அது பரவாயில்லை, அந்த ஏரிகளின் தண்ணீரே கடினமானது. கோரிடோரஸுக்கும் டெட்ராவுக்கும் அது ஆகாது. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கரையில் பளபளவென்று கருமணல் கிடக்கும். அழகாக இருக்கிறதே என்று அதை அள்ளி வராதீர்கள். அந்த மணலில் இல்மனைட், கார்னெட்டோடு மோனசைட்டும் கலந்திருக்கிறது. மோனசைட்டில் தோரியம் உண்டு, அது கதிரியக்கம் உடையது.

எந்த மணலாக இருந்தாலும் ஒரு ஸ்பூன் எடுத்துக் கிண்ணத்தில் போட்டு, மேலே வெள்ளை வினிகரை ஊற்றிக் காதைக் கிட்டே வைத்துக் கேளுங்கள். சுண்ணாம்பு இருந்தால் நுரைக்கும், சிறிய சத்தமும் வரும். சும்மா இருந்தால் அந்த மணலைத் தைரியமாகப் போடலாம்.

வாங்குவதாக இருந்தால் நான் சொல்வது நீச்சல் குளத்துக்கும் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையங்களுக்கும் விற்கும் சிலிக்கா பில்டர் மணல். மீன் கடையில் சின்னப் பாக்கெட்டில் வருவதைவிட மலிவு. ஏற்கெனவே சலித்துத் தரம் பிரித்தது. துகள் அரை மில்லிமீட்டரிலிருந்து 1 மில்லிமீட்டர் வரை இருப்பதைக் கேட்டு வாங்குங்கள். அதைவிட நைஸாக இருந்தால் இறுகிப் போகும், பில்டருக்குள்ளும் ஏறும். சாயம் பூசிய கலர் மணலைத் தவிர்த்துவிடுங்கள். சுத்த வெள்ளையில் மீன் வெளிறித் தெரியும், பயந்தும் கிடக்கும். பழுப்பு மணலில்தான் நிறம் எடுப்பாக வரும்.

எவ்வளவு வேண்டும் என்பதற்குக் கணக்கு எளிது. நீளம், அகலம், போடப்போகும் உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் லிட்டர். அதை 1.5-ஆல் பெருக்கினால் கிலோ. 90 செ.மீ. நீளம், 38 செ.மீ. அகலம் உள்ள தொட்டியில் 4 செ.மீ. உயரத்துக்குப் போட ஏறக்குறைய 14 லிட்டர், அதாவது 20 கிலோவுக்குச் சற்று மேல். 4 செ.மீ. போதும். 6 செ.மீ. தாண்டினால் அடியில் ஆக்சிஜன் போகாமல் அழுகல் வாயு சேரும்.

மணலைக் கழுவுவதில் அவசரப்படாதீர்கள். வாளியில் கால்வாசிக்கு மேல் மணல் போட வேண்டாம். ட்யூபை அடி வரைக்கும் விட்டுத் தண்ணீரைத் திறந்து, அரிசி களைவது போலக் கையால் அடியிலிருந்து புரட்டிக் கலங்கலைச் சாய்த்து ஊற்றுங்கள். முதல் தண்ணீர் சேறாகப் போகும், அப்புறம் பால் நிறம், பிறகு மோர்த் தண்ணீராகத் தெளியும். கையை உள்ளே விட்டால் விரல் நகம் தெளிவாகத் தெரிகிற வரைக்கும் கழுவ வேண்டும். அடுத்த வாளியும் அதே மாதிரி. இதில் மிச்சம் பிடித்த அரை மணி நேரத்துக்குத் தொட்டி நாள் கணக்கில் கலங்கிக் கிடந்து வட்டி கட்டும். கழுவிய தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றினால் மணல் படிந்து அடைத்துக்கொள்ளும். மண் தரையிலோ செடிக்கோ ஊற்றுங்கள். கடைசி அலசலுக்கு மட்டும் ஆன்டி குளோரின் விட்ட தண்ணீர்.

கல்லை ஒரே நாளில் எடுக்கலாம், மூன்று தவணையாகவும் எடுக்கலாம். மீன் நெருக்கமாக இருக்கும் தொட்டிக்குத் தவணைதான் நல்லது. வாராவாரம் தண்ணீர் மாற்றும் நாளில் ஒரு அங்குல ட்யூபைக் கல்லுக்குள் குத்தி சைபன் போடுங்கள். கல்லும் அடியில் உறைந்த கறுப்பு அழுக்கும் சேர்ந்தே வாளிக்கு வந்துவிடும். கிளறிவிட்ட அழுக்கு மீனிடம் போகாது என்பது இந்த முறையின் பெரிய நன்மை. மூன்றில் ஒரு பங்கு போனதும் நிறுத்துங்கள். மிச்சம் அடுத்த வாரம். அண்டர் கிராவல் பில்டர் இருக்கும் தொட்டியில் முதல் தவணையிலேயே தட்டு வெளியே தெரிய ஆரம்பித்துவிடும். தண்ணீர் கல் வழியாகப் போகாமல் தெரியும் ஓட்டை வழியாகக் குறுக்கே போகும், அன்றே அந்த பில்டர் வேலை செய்வதை நிறுத்திவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். புது பில்டரை 6 வாரம் ஓடவிடச் சொன்னது இதற்காகத்தான். கல்லை இருக்கும் இடத்திலேயே விட்டு மேலே மணலைக் கொட்டும் குறுக்கு வழியை நம்பாதீர்கள். சில நாளில் மணல் இடுக்கு வழியாக அடிக்கு இறங்கிவிடும், கல் மேலே வந்துவிடும்.

மணல் போடும் நாளைக் காலை நேரமாகப் பாருங்கள். மே மாதத்துச் சென்னை மதியத்தில் வேண்டாம். 25 டிகிரி தண்ணீரில் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல் ஆக்சிஜன் நிற்கும். 30 டிகிரியில் ஏழரைதான். வாளியில் நெருக்கிப் போட்ட மீனுக்கு இந்த வித்தியாசம் பெரிது.

வேலையை இந்த வரிசையில் செய்யுங்கள். ஹீட்டர் இருந்தால் முதலில் அதன் பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கால் மணி நேரம் பொறுங்கள், சூட்டோடு வெளியே எடுத்தால் கண்ணாடி வெடிக்கும். தொட்டித் தண்ணீரில் பாதியைச் சுத்தமான பெரிய டப்பில் எடுத்துவையுங்கள். சோப்புப் போட்டுக் கழுவிய பாத்திரம் ஆகாது. கட்டை, பாறை, செடி எல்லாவற்றையும் எடுத்த பிறகு மீனைப் பிடியுங்கள். ஒளிய இடம் இல்லாத தொட்டியில் வலை வீசுவது மீனுக்கும் உங்களுக்கும் சுலபம். கோரிடோரஸின் முள் வலையில் மாட்டும், அதை மட்டும் மக்கில் ஓட்டிப் பிடியுங்கள். மீன் இருக்கும் டப்பில் ஸ்பாஞ்ச் பில்டரையும் போட்டு ஓடவிட்டு, மேலே மூடி வையுங்கள், குதிக்கும். பில்டரை ஈரம் காய விடக் கூடாது, மூடிய கேனிஸ்டரை நிறுத்தியும் வைக்கக் கூடாது. உள்ளே ஆக்சிஜன் தீர்ந்து சில மணி நேரத்தில் பாக்டீரியா செத்துப்போகும்.

மிச்சக் கல்லைப் பிளாஸ்டிக் முறத்தாலோ டப்பாவாலோ வாருங்கள். இரும்பு கரண்டி கண்ணாடியைக் கீறும். மூலை சிலிக்கான் ஒட்டில் பட்டால் கசிவு வரும். இரண்டு கை அளவு கல்லைக் கழுவாமல் வெங்காய வலைப் பையில் கட்டித் தனியே வையுங்கள். அடியில் கிடக்கும் கறுப்புத் தண்ணீரை முழுக்க வெளியே எடுத்துவிடுங்கள். அதில் சேமிக்க ஒன்றும் இல்லை.

பெரிய பாறை இருந்தால் மணலுக்கு முன்னால் அது கண்ணாடியில் உட்கார வேண்டும். மணல் மேல் வைத்த பாறையின் அடியை மீன் தோண்டினால் சாயும், கண்ணாடியில் விழும். பிறகு ஈர மணலை மக்கில் அள்ளி அடியிலேயே வைத்துப் பரப்புங்கள், மேலிருந்து கொட்ட வேண்டாம். மணல் மேல் ஒரு சாப்பாட்டுத் தட்டு வைத்து, எடுத்துவைத்த தண்ணீரைத் தட்டின் மேல் மெதுவாக ஊற்றுங்கள். ஊற்றும் வேகம்தான் தொட்டி கலங்குமா தெளியுமா என்பதைத் தீர்மானிக்கும். மிச்ச அளவுக்குக் குளோரின் எடுத்த புதுத் தண்ணீர், வெப்பம் ஒத்துப்போகிறதா என்று பார்த்து ஊற்றுங்கள்.

கலங்கல் அடங்கும் வரை மோட்டார் உள்ள பில்டரைத் தொட்டியில் போடாதீர்கள். மணல் உள்ளே போய் இறக்கையைத் தின்றுவிடும். ஒன்றிரண்டு மணி நேரம் மீனோடு டப்பிலேயே ஓடட்டும். பிறகு உறிஞ்சும் குழாயை மணலிலிருந்து ஒரு சாண் உயரத்தில் வைத்து, வாயில் பஞ்சு மாட்டி இறக்குங்கள். எதிர்க் கண்ணாடி தெரியும் அளவுக்குத் தெளிந்தால் மீனை விடலாம். மெல்லிய மூட்டம் இரண்டு நாள் இருக்கும், அதனால் கெடுதல் இல்லை. கல் கட்டிய வலைப் பையைக் குமிழி போகும் இடத்தில் தொங்கவிடுங்கள். 4 வாரம் அங்கேயே இருக்கட்டும்.

முதல் இரண்டு வாரம் இரையைப் பாதியாகக் குறையுங்கள், ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டால்கூடப் போதும். சொட்டு மருந்து வகை டெஸ்ட் கிட் வாங்கி தினமும் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பாருங்கள். இரண்டும் சுழியமாக இருக்க வேண்டும். கால் பிபிஎம் தெரிந்தால் இரையை நிறுத்தி மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள். அரை பிபிஎம் தொட்டால் அன்றே பாதித் தண்ணீர். இதில் போர் தண்ணீர்க்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிஎச் 7-இலிருந்து 8-க்கு ஏறினால், அதே அளவு அம்மோனியாவில் நஞ்சாக இருக்கும் பங்கு ஏறக்குறைய பத்து மடங்காகும். பழைய தொட்டியில் பிஎச் இறங்கியிருக்கும், போர் தண்ணீரில் ஏறியிருக்கும். பாதித் தண்ணீரை ஒரே மூச்சில் ஊற்றாமல், கொஞ்சம் கொஞ்சமாக அன்று முழுக்கப் பிரித்து ஊற்றுங்கள்.

சில வாரத்தில் மணல் மேல் பழுப்புப் படலம் படியும். டயாட்டம் என்னும் நுண்பாசி அது, புதிதாக அமைத்த எந்தத் தொட்டியிலும் வருவது. மணலை மாற்ற வேண்டியதில்லை, தானே போய்விடும்.

மணல் தொட்டியில் கழிவு உள்ளே இறங்காமல் மேலேயே கிடக்கும். பார்க்க அழுக்காகத் தெரிந்தாலும் அது வசதிதான். சைபன் வாயை மணலுக்கு 2 செ.மீ. மேலே வட்டமாக ஆட்டினால் கழிவு மட்டும் எழுந்து குழாய்க்குள் போகும். கல்லில் செய்ததுபோல உள்ளே குத்தினால் மணல் முழுக்க வாளியில் இருக்கும். வாரம் ஒரு முறை விரலால் மணலை மெதுவாகக் கோதிவிடுங்கள், ஒரு நாள் ஒரு பகுதி மட்டும். கூம்பு போன்ற ட்ரம்பெட் நத்தை நாலைந்து விட்டால் அதுவே இரவில் மணலைப் புரட்டிக்கொண்டிருக்கும். செடி வைப்பவர்கள் வாலிஸ்நேரியாவும் கிரிப்டோகோரைனும் வைக்கலாம், இரண்டும் மணலில் நன்றாக வேர் பிடிக்கும். ஆனால் மணலில் சத்து ஒன்றும் இல்லை. வேருக்கு அடியில் உர மாத்திரை புதைக்க வேண்டும்.

மணல் போட்ட நாளிலிருந்து 4 வாரத்துக்குப் புது மீன் எதுவும் வாங்காதீர்கள். அதற்குப் பிறகு அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஒரு வாரம் தொடர்ந்து சுழியமாக நின்றால் சென்னை கொளத்தூர் மீன் கடைகளுக்குப் போகலாம். கோரிடோரஸ் வாங்குவதானால் மீசையைப் பார்த்து வாங்குங்கள், ஒன்றிரண்டாக வாங்காமல் ஆறாக வாங்குங்கள். அது கூட்டத்தோடு வாழும் மீன்.